கடிக்கிற குழாய்

அத்தியாயம் 19

கைராசி மாமாவைத் திட்டி ஒரு வரி எழுதினாலும் இந்தத் தொடரைப் படிப்பதையே விட்டுவிடுவோம் என்று சில வாசகிகள் எழுதியிருக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் ஒரு கைராசி இருக்கிறார் என்று புரிகிறது. நான் யாரையும் திட்டப் போவதில்லை. நடந்ததைச் சொல்கிறேன். திட்டுவதா வேண்டாமா என்பது உங்கள் பாடு.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. நம் கதாநாயகி டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுத் தருகிறவள். பயிற்சி வண்டியில் கற்றுத் தருபவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்குமே, வருஷக்கணக்காக அதில் கால் வைத்து உட்கார்ந்திருப்பதால் புகுந்த வீட்டில் அவளுக்கு 'பிரேக்' என்றே பெயர். எதற்கெடுத்தாலும் முட்டுக்கட்டை போடுகிறவள் என்ற குத்தலும் அதில் உண்டு. அவளும் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

கைராசி, அவளுடைய மாமியாரின் தம்பி. கணவனுக்கு மாமா, இவளுக்கு முறைப்படி சித்தப்பா. கதவு இறுகினாலும் மிக்ஸி மக்கர் பண்ணினாலும் முதல் போன் அவருக்குத்தான் போகும். பையைத் தூக்கிக்கொண்டு வருவார், ஒரு டம்ளர் காபி குடிப்பார், சரி செய்துவிட்டுப் போவார். ஒரு பைசா வாங்க மாட்டார்.

குளியலறை ஹீட்டரும் அவர் மாட்டியதுதான். கொஞ்ச நாளாக அதன் குழாயைத் தொட்டால் விரலில் சுருக்கென்றது. அதற்கும் அவரே வைத்தியம் சொன்னார். ஒரு மரப்பலகையை இழைத்துக் கொண்டுவந்து குளியலறையில் போட்டார். பலகை மேல் நின்றால் குழாய் கடிக்காது. அதற்கப்புறம் இந்த வீட்டில் எல்லோரும் பலகை மேல் நின்றுதான் குளித்தார்கள். விருந்தாளி வந்தால் கையில் துண்டைக் கொடுக்கும்போதே, "பலகையை விட்டுக் கீழே இறங்காதீங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். அது ஏன் என்று விருந்தாளிகளும் கேட்டதில்லை.

போன வாரம், இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் ஈரத்தரையில் நின்றபடி குழாயைத் திருகி அலறியதோடு நிறுத்தியிருந்தோம்.

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. கை மரத்துப்போய், பயத்தில் அழுது, அழுதபடியே தூங்கிவிட்டாள். ஆனால் பிரேக் தூங்கவில்லை.

* * *

காலையில் மாமியார் துண்டும் கையுமாக வந்தபோது குளியலறைக் கதவில் ஒரு பூட்டுத் தொங்கியது.

"என்னடி இது?"

"பூட்டு அத்தை."

"அது எனக்கும் தெரியுது. குளிக்க வேண்டாமா?"

"இன்னிக்கு யாரும் குளிக்க வேண்டாம். லைசென்ஸ் இருக்குற எலக்ட்ரீஷியனை வரச் சொல்லியிருக்கேன். அவர் பார்த்து முடிக்கிற வரைக்கும் இந்தக் கதவு திறக்காது. பலகையையும் தூக்கி வெளியில போட்டாச்சு."

மாமியாருக்குப் பூட்டைவிடப் பலகைதான் உறைத்தது. தம்பி கையால் இழைத்த பலகை.

"என் தம்பி இருக்கும்போது வெளியாளா?"

"அவர் இருக்கும்போதுதான் அத்தை குழாய் கடிச்சுது."

கணவன் பல் துலக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தான். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று நாள் முழுக்கக் கேட்கிறவன். வீட்டில் மட்டும் எதையும் தெளிவாகச் சொல்ல மாட்டான்.

"மாமாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கூப்பிட்டிருக்கலாம்."

"சொன்னா அவரே பையோட வந்து நிப்பார்."

கணவன் நுரையோடு தலையைக் குனிந்துகொண்டான். பிரேக்குக்குப் புரிந்துவிட்டது.

"சொல்லிட்டீங்களா?"

"அம்மாகிட்டதான் சொன்னேன்."

"நான் அவன்கிட்ட சொன்னேன்," என்றார் மாமியார். "கூடப் பிறந்தவன்கிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்றது? சின்னவகிட்டயும் சொல்லிட்டேன்."

சின்னவள் என்றால் பிரேக்கின் நாத்தனார். ஐந்து மாதக் கைக்குழந்தைக்காரி, நாலு தெரு தள்ளிப் பழைய அடுக்குமாடியில் இருக்கிறாள். மாமா என்றால் உயிர். அவளுடைய கணவன் வேலையாக வெளியூர் போயிருப்பதால் மாமாதான் தினம் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்.

சொல்லி வைத்த மாதிரி போன் அடித்தது. மாமியார் எடுத்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார். வேண்டுமென்றே வைத்தார் என்றுதான் நான் சொல்வேன்.

"அண்ணி, நீங்க பண்றது உங்களுக்கே நல்லா இருக்கா? மாமாவோட வேலையைப் பார்க்கக் கூலிக்கு ஆள் வைக்கிறீங்களா?"

"வேலையைப் பார்க்க இல்ல. ஹீட்டரைப் பார்க்க."

"ரெண்டும் ஒண்ணுதான். அந்த ஆள் நம்ம வீட்டுக்குள்ள கால் வெச்சா நீங்க என் வீட்டுப் படி ஏறாதீங்க. இனிமே யாரும் எனக்குப் போன் பண்ணவும் வேண்டாம். நான் அணைச்சு வெச்சுடறேன்."

அணைத்தும் விட்டாள். கணவன், "அவ சின்னப் பொண்ணு, கோபத்துல பேசறா" என்று பூசி மெழுகப் பார்த்தான்.

"நானும் கோபத்துலதான் இருக்கேன். எனக்கு யாரும் சப்பைக்கட்டுக் கட்டறதில்லையே?" என்றாள் பிரேக்.

* * *

லைசென்ஸ்காரருக்கு முன்னால் கைராசி வந்துவிட்டார்.

செருப்பைக் கழற்றும்போதே வாசல் கதவின் தாழ்ப்பாள் லொடலொடவென்று ஆடுவதைக் கவனித்து, பையிலிருந்து திருப்புளியை எடுத்து இறுக்கிவிட்டுத்தான் உள்ளே வந்தார். அவருக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. பிரேக் பார்த்துக்கொண்டு நின்றாள். உண்மையைச் சொன்னால் அவளுக்கு அவரைப் பிடிக்கும். அவள் பிரசவ வலியில் துடித்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் கடைசிவரை உட்காராமல் நின்றவர் அவர்தான். கணவன்கூட நடுவில் ஒரு தூக்கம் போட்டான்.

"பாப்பாவுக்கு எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்கா சித்தப்பா. பள்ளிக்கூடம் போயிட்டா."

"பலகை மேல நின்னிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது."

"குளிக்கப் போற குழந்தை எதுக்கு சித்தப்பா பலகையை ஞாபகம் வெச்சுக்கணும்?"

அவர் சிரித்தார். வழக்கமான சிரிப்பு. அந்தச் சிரிப்பில் இதுவரை இந்த வீட்டில் எத்தனையோ கேள்விகள் கரைந்து போயிருக்கின்றன.

"சரி, சாவியைக் கொடு. பத்து நிமிஷ வேலை. வர்ற ஆளுக்குப் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடு."

"தர மாட்டேன் சித்தப்பா."

மாமியாரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"யார்கிட்ட என்ன பேசறே? அவன் என் தம்பி."

"நீங்க இருங்கக்கா," என்றார் கைராசி. சிரிப்பு போய்விட்டது. "என் கை வேலை மேல நம்பிக்கை இல்லையா உனக்கு?"

"உங்க கதவு மேல நம்பிக்கை இருக்கு. நீங்க போட்ட அலமாரி, நீங்க மாட்டின குழாய் எல்லாத்து மேலயும் இருக்கு. எப்ப வேணும்னாலும் வந்து எதை வேணும்னாலும் பிரிங்க. கரண்டை மட்டும் தொடாதீங்க."

"லைசென்ஸ் இல்லேன்னு குத்திக் காட்டறியா? இந்தக் குடும்பத்துல எரியற பல்பு எல்லாம் நான் போட்டது. இதுவரைக்கும் ஒரு பல்பு வெடிச்சிருக்கா?"

"என்கிட்ட வண்டி கத்துக்க வர்றவங்கள்ல பாதிப் பேர் லைசென்ஸ் இல்லாமலே வருஷக்கணக்கா ஓட்டினவங்கதான். நல்லாவும் ஓட்டுவாங்க. எதிர்ல வர்றவன் கண்ணுல விளக்கு வெளிச்சம் அடிக்கக் கூடாதுன்னு மட்டும் தெரியாது. ஏன்னா யாரும் சொல்லலே, அவங்களும் கேக்கலே. ஏன்டா இப்படி ஓட்டறேன்னு கேட்டா, இதுவரைக்கும் இடிச்சதில்லையேங்கறாங்க. நீங்களும் அதைத்தானே சொல்றீங்க?"

"அப்போ நான் ஒரு ஒப்பேத்தற ஆளு."

"நான் அப்படிச் சொல்லலே."

"சொல்லாம விட்டுட்டே, அவ்வளவுதான்."

அவள் சாவியை முந்தானைக்குள் இன்னும் இறுக்கமாகச் செருகிக்கொண்டாள்.

"காசு வாங்காம வேலை செய்யறீங்க சித்தப்பா. அதனாலயே உங்களை யாரும் ஒரு கேள்வி கேக்க முடியலே. கேட்டா நன்றி கெட்டவங்களாயிடுவோம். இன்னிக்கு நான் நன்றி கெட்டவளாவே இருந்துட்டுப் போறேன்."

"பார்த்தியாடா உன் பொண்டாட்டி பேசறதை," என்று மாமியார் மகன் பக்கம் திரும்பினார். மகன் கடைக்கு நேரமாகிவிட்டது என்று எதையோ மென்று விழுங்கினான். நகரவும் இல்லை. கைராசி போய் ஒரு நாற்காலியை எடுத்து, சரியாக மீட்டர் பெட்டிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"வரட்டும். லைசென்ஸ் என்ன பண்ணுதுன்னு நானும் பார்த்துட்டுத்தான் போவேன்."

* * *

லைசென்ஸ்காரர் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. வந்ததும் நல்ல வார்த்தை ஒன்றும் பேசவில்லை. கழுத்தில் அட்டை தொங்க, காதில் போனை இடுக்கிக்கொண்டு நுழைந்தவர், முதல் காரியமாக மீட்டர் பெட்டிக்குக் கீழே இருந்த செருப்பு அலமாரியைக் காலால் தள்ளினார்.

"இங்க யாரு இதை வெச்சது?"

"நான்," என்றாள் பிரேக்.

"அவசரத்துக்கு மெயினை அணைக்கணும்னா செருப்பு மேல ஏறி நிப்பீங்களா?"

மாமியார் காபி கொண்டுவந்தார். வீட்டுக்கு வந்தவருக்குக் கொடுக்காமல் இருக்க அவருக்கு மனசு வராது. லைசென்ஸ்காரர் தலையைக்கூடத் திருப்பாமல் வேண்டாம் என்றார். கைராசிக்கு உள்ளூரக் குளிர்ந்துவிட்டது. இதோ பார் உன் ஆள், என்று பிரேக்கைப் பார்த்தார்.

பிரேக்குக்கும் அந்த மனிதரைப் பிடிக்கவில்லை. அதை நான் மறைக்கப் போவதில்லை. பிடித்த மனிதர் மாட்டிய ஹீட்டர் மகளைக் கடித்திருக்கிறது, பிடிக்காதவர் பார்த்தால் என்ன கெட்டுவிடும் என்று பூட்டைத் திறந்துவிட்டாள்.

அவர் மெயினை அணைத்தார். அணைத்தபின் டெஸ்டரை வைத்துப் பார்த்தார். பார்த்த இடத்தையே மறுபடியும் பார்த்தார். கைராசி, "ஒரு தடவை அணைச்சா அணைஞ்சதுதான் தம்பி" என்றார்.

"எனக்கு இல்ல."

ஹீட்டரின் மூடியைக் கழற்றும்போது கைராசி மறுபடியும், "இடது பக்கம் திருகணும்" என்றார்.

"தெரியும்."

மூடி கழன்றது. லைசென்ஸ்காரர் டார்ச்சை அடித்து உள்ளே பார்த்தார். போனில் காத்திருந்த யாரிடமோ, "அப்புறம் பேசறேன்" என்று சொல்லிவிட்டு அதைப் பாக்கெட்டில் போட்டார். வந்ததிலிருந்து அவர் செய்த முதல் மரியாதை அது.

"இதுல பச்சை வயரை யார் வெட்டினது?"

"தானா அறுந்திருக்கும்," என்றான் கணவன் அவசரமாக.

"தானா அறுந்த வயருக்கு யாரும் நறுக்கா டேப் சுத்த மாட்டாங்க சார்."

கைராசி நாற்காலியை விட்டு எழுந்தார்.

"என் டேப்புதான் அது. அதுக்கு என்ன இப்போ? அந்த வயர்ல கரண்டே வராது. விளக்கு எரியவும் வேண்டாம், தண்ணி காயவும் வேண்டாம். சும்மா தொங்கற வயர்."

"சும்மா தொங்கறதா?" லைசென்ஸ்காரர் அவரை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். "ஹீட்டருக்குள்ள கசிவு இருக்கு. கசியற கரண்ட் மண்ணுக்குப் போறதுக்குத்தான் இந்தப் பச்சை வயர். அது இருந்தவரைக்கும் கசியும்போதெல்லாம் டிரிப் ஸ்விட்ச் டப்புன்னு விழுந்திருக்கும். விழுந்துதா இல்லையா?"

"விழுந்துது," என்றார் மாமியார் தன்னை அறியாமல். "ஒரு நாளைக்குப் பத்துத் தடவை விழும்."

"ஹீட்டர் கெட்டுப்போச்சுன்னு அது கத்தியிருக்கு. நீங்க அதோட வாயைக் கட்டிட்டீங்க. இனிமே அது விழணும்னா அந்தக் கரண்ட் வேற வழியா மண்ணுக்குப் போகணும். ஈரத்தரையில நிக்கிற ஆள்தான் அந்த வழி. அப்பவும் இந்தப் பழைய ஸ்விட்ச் விழுமான்னு நான் சொல்ல மாட்டேன்."

பிரேக் குளியலறைத் தரையைப் பார்த்தாள். நேற்று மகள் நின்ற இடம். கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"சித்தப்பா, இதை ஏன் பண்ணினீங்க?"

"ஏன் பண்ணினேனா?" கைராசியின் குரல் உயர்ந்தது. "இவனைக் கேளு! டிவி அணையுது, ஃபேன் அணையுது, மாமா, எப்படியாவது இந்த ஸ்விட்ச் விழாம பண்ணுங்கன்னு தினம் போன் பண்ணினது யாரு? நான் ஹீட்டரை மாத்திடலாம்டான்னு சொன்னேன். புதுசா வாங்கினது மாமா, இப்பவே எதுக்குன்னு சொன்னான். பச்சையை எடுத்தா நிக்கும், ஆனா செய்யலாமான்னு தெரியலேன்னேன். பரவாயில்ல எடுங்கன்னான்."

கணவனின் முகம் வெளுத்தது.

"நிஜமா?" என்றாள் பிரேக்.

"எனக்கு என்ன தெரியும்? மாமாவுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

"அவருக்கே தெரியலேன்னு சொல்லியிருக்கார். அது உங்க காதுல விழலையா?"

"ஸ்விட்ச் விழறது நின்னதும் இதே கூடத்துல நின்னு எல்லாரும் கை தட்டினீங்க," என்றார் கைராசி. "நீயும்தாம்மா தட்டினே. அன்னிக்குக் கைராசி. இன்னிக்கு நான் மட்டும் குத்தவாளியா?"

"தட்டினேன் சித்தப்பா. இல்லேன்னு சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது, தட்டினேன். இப்போ தெரிஞ்சுபோச்சு, சண்டை போடறேன். தட்டினவ வாயை மூடிக்கணும்னு ஒண்ணும் இல்லையே?"

அவர் தோற்கத் தயாராக இல்லை. அவரும் இந்தக் குடும்பம்தானே, ரோஷத்துக்குக் குறைச்சலா? லைசென்ஸ்காரர் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீ படிச்சதைச் சொல்றே. நான் பார்த்ததைச் சொல்றேன். இந்த ஒரு பச்சை வயரால இங்க பட்ட தலைவலி போதும்னுதான் சின்னவ வீட்டுல ஹீட்டர் மாட்டும்போது முதல்லயே அதை வெட்டிட்டேன். மாட்டி எத்தனை நாளாச்சு! இன்னி வரைக்கும் ஒரு தொந்தரவு உண்டா? அவளையே கேட்டுப் பாரு!"

லைசென்ஸ்காரரின் கை நின்றுவிட்டது.

"அது புது ஹீட்டரா?"

"பழசு. எங்கிட்ட சும்மாக் கிடந்தது. நானே பிரிச்சுப் பூட்டினேன்."

"அங்க டிரிப் ஸ்விட்ச் இருக்கா?"

"பழைய கட்டடம். அதெல்லாம் கிடையாது."

"அந்த வீட்டுல யாரும் குழாயைத் தொட வேண்டாம்னு உடனே சொல்லுங்க," என்றார் லைசென்ஸ்காரர். "முதல்ல சொல்லுங்க, அப்புறம் என்கூடச் சண்டை போடலாம்."

மாமியார் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"குழந்தையைக் குளிப்பாட்டற நேரம்," என்றார்.

* * *

போன் அணைத்துக் கிடந்தது. கணவன் அடித்தான், மாமியார் அடித்தார், கைராசி தன் போனிலிருந்தும் அடித்தார். யார் போனிலிருந்து அடித்தால் என்ன, அணைத்த போன் அடிக்குமா? நாத்தனார் சொன்னதைச் செய்கிறவள்.

பிரேக் டிரைவிங் ஸ்கூல் வண்டியின் சாவியை எடுத்தாள்.

"நீ எங்கடி போறே? உன்னைத்தான் படி ஏறாதேன்னு சொல்லியிருக்காளே!" என்றார் மாமியார். அவர் குரலில் இப்போது கோபம் இல்லை, பயம்தான்.

"ஏறாதேன்னுதானே சொன்னா? ஏறிட்டு வர்றேன். சித்தப்பா, நீங்க வாங்க. உங்களுக்குத்தான் கதவைத் திறப்பா."

கைராசி வந்தார். பையை எடுத்துக்கொள்ளாமல் வந்தார். அவர் பையில்லாமல் அந்த வீட்டு வாசலைத் தாண்டியதை மாமியார் அன்றுதான் பார்த்தார்.

பயிற்சி வண்டியில் பிரேக் ஓட்டுகிற பக்கம் உட்கார, கைராசி கற்றுத் தருகிறவர் இடத்தில் உட்கார்ந்தார். முதல் திருப்பத்திலேயே வண்டி குலுங்கி நின்றது.

"காலை எடுங்க சித்தப்பா!"

"நீ வேகமாப் போறே."

"எனக்கு லைசென்ஸ் இருக்கு. காலை எடுங்க."

எடுத்தார். அடுத்த திருப்பத்தில் மறுபடியும் அழுத்தினார். மனிதருக்குக் கால் தானாகப் போகிறது. நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. அவள் ஒரு கையால் அவர் முழங்காலை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். புகுந்த வீட்டுப் பெரியவரைத் தட்டுகிறோமே என்றெல்லாம் யோசிக்க அப்போது அவளுக்கு நேரமில்லை.

"ஒண்ணும் ஆகியிருக்காது," என்றார் அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு. "எல்லாம் அந்த ஆள் கிளப்பற பீதி. போய்ப் பார்த்து ஒண்ணும் இல்லேன்னா, எல்லார் முன்னாடியும் எங்கிட்ட மன்னிப்புக் கேப்பியா?"

"கேக்க மாட்டேன்."

"ஒண்ணும் இல்லேன்னாலும்?"

"ஒண்ணும் இல்லேன்னா சந்தோஷப்படுவேன். மன்னிப்பு எதுக்கு?"

நாலு தெருவும் அவருடைய உதடு மட்டும் எதையோ முணுமுணுத்துக்கொண்டே வந்தது.

* * *

நாத்தனார் உள்கதவைத் திறந்தாள். வெளியே இருந்த கம்பிக் கதவைத் திறக்கவில்லை. இடுப்பில் குழந்தை, தோளில் துண்டு. உள்ளே வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

"மாமா வரலாம். அண்ணி அங்கேயே நிக்கட்டும்."

"நான் உள்ள வரலே," என்றாள் பிரேக். "நீ குழாயைத் தொடாதே. குழந்தையையும் அந்தத் தண்ணிகிட்ட கொண்டுபோகாதே. ஹீட்டர்ல பச்சை வயர் இல்ல. எங்க வீட்டு ஹீட்டரைப் பிரிச்சுப் பார்த்தாச்சு, அதே கதைதான் இங்கேயும்."

"அந்த ஆள் சொன்னானா?"

"யார் சொன்னா என்ன? குழாயைத் தொடாதே."

"காலையில அவ்வளவு சொல்லியும் இங்க வரைக்கும் வந்துட்டீங்களா? மாமாவை அவமானப்படுத்தினது போதலையா? இங்க ஒரு நாள்கூடக் குழாய் கடிச்சதில்ல. இப்போதான் தண்ணி பிடிச்சுக்கிட்டிருக்கேன். என்னை ஒண்ணும் பண்ணலையே!"

சொல்லிவிட்டுக் கைராசியைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து எதற்கும் அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டவள்.

"மாமா, அண்ணி சொல்றது நிஜமா?"

கைராசி வாயைத் திறந்தார். பிரேக் காத்திருந்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாள்.

"இல்லம்மா... அப்படியெல்லாம் ஒண்ணும்... சும்மா, ஒரு தடவை பார்த்துட்டா..."

"அதான் பார்த்தீங்களே, மாட்டின அன்னிக்கே! நீங்க பார்த்தா போதும் மாமா, எனக்கு வேற யாரும் வேண்டாம்." நாத்தனார் உள்ளே திரும்பிப் பார்த்தாள். வாளி நிரம்பி வழிகிற சத்தம். "தண்ணி வீணாப் போகுது. நீங்க இருங்க, குழாயை மூடிட்டு வந்து கதவைத் திறக்கறேன்."

குழந்தையை இடுப்பில் ஏற்றிப் பிடித்துக்கொண்டு, ஈரப் பாதம் பதிய உள்ளே நடந்தாள்.

பிரேக் கம்பிக் கதவைப் பிடித்து உலுக்கினாள். அசையவில்லை. அதன் பூட்டும் கைராசி போட்டதுதான், அவர் போடுகிற பூட்டு அவ்வளவு சீக்கிரம் அசையாது. திரும்பினாள். மாடிப்படி முடிகிற இடத்தில், சுவரில், அந்தத் தளத்து வீடுகளின் மெயின் ஸ்விட்சுகள் வரிசையாக இருந்தன. எதிலும் பெயர் இல்லை.

"சித்தப்பா, இவ வீடு எது?"

அவர் கண் கலங்கி, உள்ளே போகும் அக்கா மகளின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா! எது?"

அவர் கை மட்டும் மேலே எழுந்தது. ஒரு விரல் கடைசி ஸ்விட்சைக் காட்டியது.

அவள் அதைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

வீட்டுக்குள் மின்விசிறி இரைச்சல் அடங்கியது. ஏதோ ஒரு இயந்திரம் முனகி நின்றது. கூடத்து விளக்கும் அதற்கப்பால் குளியலறை விளக்கும் ஒன்றாக அணைந்தன. தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டே இருந்தது. பகலிலும் இருண்டு கிடக்கும் அந்தப் பழைய வீட்டில் குழந்தை வீறிட்டது. அது பயத்தில் அழுகிற அழுகைதான், வேறு எதுவும் இல்லை என்று தெரிந்துகொள்ள பிரேக் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்தன. யாரோ ஒருவர் என்ன ஆச்சு என்று எட்டிப் பார்த்தார்.

"மெயினை யார் அணைச்சது?" உள்ளேயிருந்து நாத்தனாரின் குரல் வந்தது. "மாமா, நீங்களா?"

கைராசி சுவரில் சாய்ந்து மெல்லத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பிரேக் ஸ்விட்சுக்கு முன்னால், அதை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றாள். நாத்தனார் கம்பிக் கதவைத் திறந்துகொண்டு ஓடிவரும் சத்தம் கேட்டது. வரட்டும். தெருவே கூடி வந்தாலும் வரட்டும்.

"நான்தான்," என்றாள். "மறுபடியும் போட விட மாட்டேன்."